ரிவர்ஸ் விழவில்லை என்பதற்காக முழு கியர்பாக்ஸையும் மாற்ற வேண்டுமா?

மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரையும் கார் மாடலையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பிறகு கிளட்ச் மிதிக்க முடியவில்லை. அதற்காகவே ஐந்தே கால் வருஷத்துக்கு முன்னால் ஏழு கியர் உள்ள டிசிடி ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைப் புதிதாக வாங்கினார்கள். 14 லட்சம் ஆனது. இதுவரை 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கூடுதலாகப் பணம் கட்டி நீட்டித்த வாரண்டி கடந்த மார்ச்சில் முடிந்தது. மே மாதம் இ-பாஸ் எடுத்துக்கொண்டு ஐந்து பேராகக் கொடைக்கானல் கிளம்பினார்கள். பெருமாள்மலைக்குக் கீழே இரண்டு மணி நேரம் நெரிசல். வண்டி நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தபோது கருகிய வாடை வந்தது. மீட்டரில் கியர் சூடாகிவிட்டதென்று எச்சரிக்கை வந்து, வண்டி நின்றுவிட்டது. நாற்பது நிமிடம் கழித்துத் தானாகவே சரியானது. ஊர் சுற்றிவிட்டுத் திரும்பினார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் வீட்டு வாசலில் ரிவர்ஸ் விழவில்லை. மீட்டரில் கியர் எழுத்து விட்டுவிட்டு மின்னியது. முன்னால் மட்டும் போகிறது. அதிலும் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு குலுக்கு, அப்புறம் இழுவையே இல்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் 'கியர்பாக்ஸ் போயிடுச்சு மேடம், அசெம்பிளியா மாத்தணும்' என்று 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக் ஆயில் மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார். இன்னொருவர் பழைய கியர்பாக்ஸ் 90 ஆயிரத்துக்கு வாங்கித் தருகிறாராம். 'அப்பவே சொன்னேன், ஆட்டோமேட்டிக் வேண்டாம்னு' என்று அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்கிறார். கணவரோ தன்னால்தான் கெட்டது என்று காரைத் தொடுவதையே விட்டுவிட்டார். சகோதரி கேட்பது: இது அவர் தப்பா? முழுசாக மாற்றித்தான் ஆகவேண்டுமா? இன்ஷூரன்ஸில் வருமா? கம்பெனி மேல் கேஸ் போடலாமா, இல்லை இப்படியே விற்றுவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கோவையில் ஆட்டோமேட்டிக் வண்டிகளை மட்டும் பார்க்கிற பட்டறை என்னுடையது. இருபது வருஷம் ஆகிறது. உங்கள் வண்டியை நான் கண்ணால் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்திலேயே பாதி நோய் தெரிகிறது. பள்ளிக்கூடத்துக்காரர்கள் கடிதம் எழுதினால் எனக்கு வேலை குறைவு.

முதலில் ஒன்று. கடிதத்தின் கடைசியில், 'ரிவர்ஸ் இல்லாததால் முன்னால் இடம் இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, தினமும் பள்ளிக்கு ஒன்பது கிலோமீட்டர் இதிலேயே போய்வருகிறோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றோடு அதை நிறுத்துங்கள். வண்டி இப்போது ஓடுவது, எப்படியாவது வீடு போய்ச் சேரட்டும் என்று கம்ப்யூட்டர் அரைகுறையாக ஓட்டுகிற ஓட்டம். ரிங் ரோட்டில் லாரிக்கு முன்னால் நுழைகிற நேரத்தில் இழுவை போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தவிர, மிச்சம் இருக்கிற நல்ல பாகத்தையும் இந்த ஓட்டம் சேர்த்துத் தின்னும்.

பட்டறைக்கு எடுத்துப் போகும்போது கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். நான்கு சக்கரமும் மேலே ஏறுகிற பிளாட்பெட் லாரியைக் கேளுங்கள். உங்கள் பாலிசியில் சாலை உதவி சேர்த்திருந்தால் அதற்குத் தனியாகப் பணம் கேட்க மாட்டார்கள்.

ரிவர்ஸ் சொல்லும் செய்தி

உங்கள் வண்டியில் இருப்பது இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். பெயரில் டிசி என்பது அதுதான். ஒரே பெட்டிக்குள் இரண்டு கிளட்ச். பெரும்பாலான ஏழு கியர் டிசிடிகளில் 1, 3, 5, 7 ஒரு கிளட்சின் பொறுப்பு. 2, 4, 6, ரிவர்ஸ் இன்னொன்றின் பொறுப்பு. வண்டி ஒன்றில் ஓடும்போதே மற்றது இரண்டாம் கியரைத் தயாராகப் பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் கியர் மாறுவதே தெரியாமல் மாறுகிறது.

இப்போது நீங்கள் எழுதியதைப் பாருங்கள். ரிவர்ஸ் இல்லை. கிளம்பிய பிறகு ஒரு குலுக்கல், அப்புறம் ரேஸ் ஏறுகிறது, வேகம் இல்லை. அது ஒன்றிலிருந்து இரண்டைத் தாண்டி மூன்றுக்குக் குதிக்கிற குலுக்கலாக இருக்கலாம். அப்படியானால் ரிவர்ஸ், இரண்டு, நான்கு, ஆறு எல்லாம் ஒரே வீட்டுக்காரர்கள். அந்த வீட்டில்தான் கரண்ட் இல்லை. ஒற்றைப்படை கியர்கள் உயிரோடு இருக்கின்றன. கரகர சத்தம் எதுவும் இல்லை என்று இரண்டு இடத்தில் அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். பல்சக்கரம் உடைந்திருந்தால் சத்தமில்லாமல் இருக்காது.

அப்படியென்றால் சந்தேகம் மூன்று இடத்தில். இரட்டைப்படைப் பக்கத்துக் கிளட்ச் தேய்ந்து கருகியிருக்கலாம். அதை அழுத்தி விடுவிக்கிற கட்டுப்பாட்டு யூனிட் கோளாறாக இருக்கலாம். அல்லது அந்த யூனிட்டுக்குப் போகிற கரண்ட்டோ ஒயரோ சரியில்லாமல் இருக்கலாம். முதல் இரண்டுக்கும் செலவு உண்டு. ஆனால் இந்த மூன்றில் எதற்கும் முழு கியர்பாக்ஸையும் கழற்றித் தூர எறிய வேண்டியதில்லை. 'கியர்பாக்ஸ் போச்சு' என்பது நோயின் பெயர் ஆகாது. வயிற்று வலி என்று போனவரிடம் வயிற்றையே மாற்றணும் என்று சொன்ன மாதிரிதான் அது.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பல சர்வீஸ் சென்டர்களில் கியர்பாக்ஸைத் திறந்து பார்க்கிற ஆள் இருக்க மாட்டார். அசெம்பிளியாக மாற்றினால் ஒன்றரை நாளில் வேலை முடியும், திரும்பி வராது, பொறுப்பும் இல்லை. ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அது அவர்களுக்கு வசதியான வைத்தியம். அந்த வசதிக்கு நீங்கள் 3 லட்சத்து 40 ஆயிரம் கட்ட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

பணம் கட்டுமுன் கேட்டு வாங்க வேண்டியவை

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்த்திருப்பார்கள். அந்த ரிப்போர்ட்டின் அச்சுப் பிரதியைக் கேளுங்கள். வாய்மொழி போதாது. அதில் பி0700 என்கிற எரர் கோடு, அதாவது குறையைச் சொல்லும் குறியீடு, மட்டும் இருந்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ குறை பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார்' என்று எஞ்சின் கம்ப்யூட்டர் கை காட்டுவது மட்டும்தான் அது. உள்ளே இருக்கிற கோடு எது என்பதுதான் முக்கியம். பி0562 இருந்தால் கரண்ட் அழுத்தம் குறைந்திருக்கிறது. யு0101 என்றால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரோடு மற்றவை பேச முடியவில்லை. இந்த இரண்டில் ஒன்று தெரிந்தால் பெட்டியைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியையும் ஒயரையும் பார்க்க வேண்டும். ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கி போனில் பார்க்கிற அந்தச் சின்ன ஸ்கேனர் பெரும்பாலும் எஞ்சின் கோடுகளோடு நின்றுவிடும். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

அடுத்து, இரண்டு கிளட்சின் தேய்மான அளவுகள். கிளட்ச் தேயத் தேயக் கம்ப்யூட்டர் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொண்டே வரும். அந்தத் திருத்த எண்களை நல்ல ஸ்கேனரில் படிக்கலாம். ஒரு கிளட்சின் எண் எல்லைக்குள்ளும் மற்றொன்று எல்லை தாண்டியும் இருந்தால் பெட்டியைத் திறக்காமலே பாதி விஷயம் தெரிந்துவிடும். 'அதெல்லாம் பார்க்க முடியாது மேடம்' என்றால், பார்க்கத் தெரிந்த ஆளிடம் வண்டியைக் கொண்டு போங்கள். மதுரையிலேயே இருக்கிறார்கள்.

இன்னும் ஒரு விசாரிப்பு: உங்கள் சேஸிஸ் எண்ணுக்கு ரீகால் ஏதாவது அறிவித்திருக்கிறார்களா, இலவச சாஃப்ட்வேர் அப்டேட் பாக்கி இருக்கிறதா. கம்பெனியின் இணையதளத்தில் எண்ணைப் போட்டாலே ரீகால் தெரியும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்ல அரசுக்கே அதிகாரம் கொடுத்திருக்கிறது. உங்கள் மாடலுக்கு ரீகால் இருக்கும் என்று நான் ஆசை காட்டவில்லை. இரண்டு நிமிட வேலை, பார்த்துவிடுங்கள் என்கிறேன்.

அப்புறம் பேட்டரி. வண்டியோடு வந்த பேட்டரியே இன்னும் ஓடுகிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்தே கால் வருஷம்! நம் வெயிலில் அது மூன்று நான்கு வருஷம் தாங்கினாலே கும்பிட வேண்டும். வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே இருந்தால் பாதி காலி. எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை இருக்க வேண்டும். பேட்டரிக் கடையில் காசு வாங்காமலே பார்த்துச் சொல்வார்கள். உங்கள் கோளாறுக்குப் பேட்டரிதான் காரணம் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். கருகிய வாடை வேறு கதை சொல்கிறது. ஆனால் தளர்ந்த பேட்டரியோடு கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரைச் சோதித்தால் வருகிற கோடுகளையே நம்ப முடியாது.

இதைச் சொல்லும்போது பல்லடத்திலிருந்து லாரியில் ஏறி வந்த ஒரு வண்டி ஞாபகம் வருகிறது. வேறொரு இடத்தில் கியர்பாக்ஸுக்கு இரண்டரை லட்சம் சொல்லியிருந்தார்கள். முன்னால் ஓட்டுகிற டி-யில் போட்டால் போகும், பத்து நிமிடத்தில் எல்லா எழுத்தும் மின்னி நின்றுவிடும். பையன் பேட்டரி ட்ரேயைக் கழற்றினான். அடியில் எர்த் ஒயர் பாடியில் சேருகிற போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்ப முறுக்கினோம். அவ்வளவுதான். பில் 350 ரூபாய். அவர் நம்பவில்லை, சாயங்காலம் வரை பட்டறையிலேயே உட்கார்ந்து, அவினாசி ரோட்டில் மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. ஆனாலும் எர்த், பேட்டரி, எலி கடித்த ஒயர் இந்த மூன்றையும் பார்க்காமல் நான் கியர்பாக்ஸில் கை வைப்பதில்லை.

(படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆட்டோமேட்டிக் வண்டி 'பி' என்கிற பார்க்கிங் நிலையிலிருந்து வெளியே வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தால், பிரேக்கை மிதித்துக்கொண்டு பின்னால் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். பிரேக் லைட் எரியவில்லை என்றால் கோளாறு பெடலுக்கு மேலே இருக்கிற ஸ்விட்சில் இருக்கலாம். பிரேக் மிதித்தது தெரியாமல் வண்டி லீவரை விடாது. சின்ன பார்ட்தான். அதற்கும் 'கியர்பாக்ஸ் போச்சு' என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.)

ஆயில் மாற்றினால் சரியாகுமா?

பக்கத்துத் தெரு மெக்கானிக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆட்டோமேட்டிக் என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுவது நான்கு வேறு சாமான்களை. டார்க் கன்வெர்ட்டர், சிவிடி இரண்டிலும் ஆயில்தான் ரத்தம். ஆயில் குறைந்தாலும் கருகினாலும் வண்டி நகராது. அங்கே அவர் சொல்வது சரியாக இருந்திருக்கும். 2014-ல் செலேரியோவோடு வந்து நம் ஊரில் பரவிய ஏஎம்டி, சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான்; கிளட்ச் மிதிக்கவும் கியர் போடவும் ஒரு மோட்டார் கை வைத்திருக்கும். நான்காவது உங்களுடையது. அதிலும் நீங்கள் அனுப்பிய படத்தில் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்தேன். உங்களுடையது உலர் கிளட்ச் வகை. ஆயில் பல்சக்கரத்துக்கு மட்டும்தான், கிளட்ச் பிளேட்டில் ஒரு சொட்டும் படாது. அதனால் ஆயிலை மாற்றினால் கருகிய கிளட்ச் குணமாகாது. அவர் ஆயிலுக்குக் கேட்கிற 8,000 ரூபாயைப் பேட்டரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

90 ஆயிரத்துக்கு வரும் பழைய பெட்டி எனக்குப் பயம். எந்த வண்டியிலிருந்து கழற்றியது, அது வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று தெரியாது. பார்ட் நம்பர் ஒத்துப்போனாலும் கம்ப்யூட்டரை உங்கள் வண்டியோடு சேர்க்க வேண்டும். சேராவிட்டால் பெட்டி உங்கள் தலையில். வேறு வழியே இல்லாத பழைய மாடலுக்குச் சில நேரம் நானே போட்டிருக்கிறேன். உங்கள் வண்டிக்கு அந்த அவசியம் இல்லை.

நான் செய்வதாக இருந்தால் வரிசை இப்படி இருக்கும்: புது பேட்டரி, ஒயர் சோதனை, ஸ்கேன், தேய்மான எண்கள். பிறகு பெட்டியை இறக்கி கிளட்சைக் கண்ணால் பார்ப்பது. கருகியிருந்தால் நீலம் பாய்ந்து, விளிம்பில் கருப்புத் தூளோடு இருக்கும். உங்களையே கூப்பிட்டுக் காட்டலாம். கிளட்ச் செட் மட்டும் மாற்றினால் என் அனுபவத்தில் முழு அசெம்பிளி விலையில் பாதியைத் தாண்டாது. கட்டுப்பாட்டு யூனிட்டும் சேர்ந்து போயிருந்தால் செலவு முக்கால்வாசிக்கு நெருங்கலாம். அப்போது அசெம்பிளி பற்றி யோசிக்கலாம், வாரண்டியோடு வருவதால். கிளட்ச் மாற்றிய பிறகு ஸ்கேனர் வைத்து, புதுக் கிளட்சின் அளவைக் கம்ப்யூட்டருக்குப் பழக்க வேண்டும். அதைச் செய்யாமல் வண்டியைக் கொடுத்துவிட்டால் இரண்டு வாரத்தில் உதறலோடு திரும்பி வருவீர்கள். கழற்றிய பழைய பாகங்களை ஒரு சாக்கில் கட்டி வாங்கி வீட்டில் வையுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்

அவர் தப்பே இல்லை என்று எழுதிவிட்டால் எனக்கும் சுலபம், உங்களுக்கும் நிம்மதி. ஆனால் அது முழு உண்மை இல்லை.

மேனுவல் வண்டியில் ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக் போடாமல் ஆஃப் கிளட்ச்சில் பிடித்து நிறுத்துகிறவர்களை அவர் பார்த்திருப்பார். ஐந்து நிமிடத்தில் கிளட்ச் வாடை வரும். உலர் கிளட்ச் டிசிடியில் பெடல் இல்லையே தவிர, அந்த ஆஃப் கிளட்ச் வேலையைக் கம்ப்யூட்டர் உங்களுக்காகச் செய்துகொண்டிருக்கிறது. மலை நெரிசலில் முன்வண்டி ஓரடி நகர்ந்தால் நாமும் ஓரடி, ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டபடியே நிற்பது என்று இரண்டு மணி நேரம் ஓட்டினால் கிளட்ச் அத்தனை நேரமும் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஐந்து பேர் வேறு. செய்ய வேண்டியது, பிரேக்கை முழுசாக மிதித்து நிற்பது. முழுசாக மிதித்தால் கம்ப்யூட்டர் கிளட்சை விட்டுவிடும். முன்னால் இரண்டு வண்டி இடம் விட்டு, அது நிறைந்ததும் ஒரேயடியாக நகர்ந்து திரும்ப நிற்பது. பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். எச்சரிக்கை வந்தால் ஓரம் கட்டி 'பி'யில் போட்டு ஆறவிடுவது.

இதெல்லாம் கையேட்டில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். வண்டி விற்றவர் அன்றைக்குச் சாவியோடு சாக்லேட் பெட்டி கொடுத்துப் படம் எடுத்தார், இதைச் சொன்னாரா? இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தெரியாமல் செய்ததற்கு உங்கள் கணவர் மூன்று மாதம் தண்டனை அனுபவித்தது போதும்.

சிக்னலில் அடிக்கடி 'என்'னுக்கு, அதாவது நியூட்ரலுக்கு, மாற்றியதால் கெட்டது என்று அவர் நினைக்கிறாராம். அதனால் கெடாது. ஆனால் இறக்கத்தில் 'என்'னில் விட்டு இறங்கியதாகவும் எழுதியிருக்கிறீர்களே, அதை இனி கனவிலும் செய்ய வேண்டாம். கியர்பாக்ஸுக்காகச் சொல்லவில்லை. எஞ்சின் பிடிமானம் இல்லாமல் மொத்த எடையும் பிரேக்கின் தலையில் விழும். கொண்டை ஊசி வளைவில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் பேச ஆள் இருக்காது.

அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள்: முழங்கால் சரியில்லாதவர் மேனுவல் ஓட்டி அவசரத்துக்குக் கிளட்ச் மிதிக்க முடியாமல் போவதைவிட இது பரவாயில்லை. உங்கள் தேர்வு சரியானதுதான்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி

மூன்றாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'போன வருஷம் ஏப்ரல் சர்வீஸிலேயே, வண்டி கிளம்பும்போது உதறுது என்று சொன்னோம், அட்வைசர் இந்த மாடலுக்கு அது நார்மல் என்று எழுதிவிட்டார்.' கடிதம் முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்.

கிளம்பும்போது உதறுவது, உலர் கிளட்ச் பலவீனமாகிறது என்பதன் முதல் இருமல். நீங்கள் அதைச் சொன்னது வாரண்டி நடப்பில் இருந்தபோது, கிட்டத்தட்ட ஒரு வருஷம் பாக்கி இருந்தபோது. அன்றே தேய்மான எண்ணைப் பார்த்திருந்தால் ஒருவேளை இலவசமாகவே மாற்றிக் கொடுத்திருக்க வேண்டி வந்திருக்கும். ஆகவே 'வாரண்டி முடிந்துவிட்டது' என்று அவர்கள் சொல்வதோடு பேச்சு முடியவில்லை. கொடைக்கானல் நெரிசல் ஏற்கெனவே இருமிக்கொண்டிருந்தவரை மழையில் நனைத்த கதை.

நான் மெக்கானிக், வக்கீல் இல்லை. ஆனால் இந்த மாதிரி வழக்குகளில் நிபுணர் என்று கூப்பிட்டு என்னைக் கூண்டில் நிறுத்தியிருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் தெரியும். முதலில் டீலருக்கும், கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே கடிதத்தை ஈமெயிலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். கோபம் வேண்டாம். தேதி, கிலோமீட்டர், அன்று சொன்ன புகார், அவர்கள் எழுதிய பதில், இன்றைய நிலை. 'வாரண்டிக்குள் தெரிவித்த குறை என்பதால் பாகங்களின் செலவை நீங்கள் ஏற்க வேண்டும்' என்று நேராகக் கேளுங்கள். குட்வில் என்ற பெயரில் பாதிச் செலவு, சில நேரம் அதற்கும் மேலே, கம்பெனி ஏற்றுக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அது சட்டப்படி உங்கள் உரிமை இல்லை, அவர்கள் மனசு. ஆனால் கையில் காகிதம் இருந்தால் மனசு சீக்கிரம் இளகும்.

48,000 கிலோமீட்டரில் ஒருமுறை வெளியில் எஞ்சின் ஆயில் மாற்றியதைக் காட்டி உங்களை மடக்குகிறார்கள் என்றீர்கள். எஞ்சின் ஆயிலுக்கும் உலர் கிளட்சுக்கும் என்ன உறவு? வெளியில் செய்த வேலையால்தான் இந்தக் கோளாறு வந்தது என்பதை அவர்கள்தான் காட்ட வேண்டும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு அபராதம் விதித்தபோது, வெளியில் வேலை பார்த்தார் என்பதற்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக்கூடாது என்றுதான் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். அதனால் அதைக் கடைசிச் சொல்லாக எடுக்காமல், ஒரு வாதமாகக் கடிதத்தில் வையுங்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். செலவு இல்லை, பல கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கிற மதுரையிலேயே போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. கட்டணம் சில நூறு ரூபாய்தான். இணையத்திலும் தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். போன ஏப்ரலில் 'நார்மல்' என்று எழுதியதிலிருந்தே கணக்கு ஓடுகிறது என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். ஆகவே கடைசி மாதம் வரை இழுக்காதீர்கள்.

ஒரு தவறான நம்பிக்கையையும் எடுத்துவிடுகிறேன். புதுக் கார் தரச் சொல்லிக் கேஸ் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்து வருஷம், 61,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு அது கிடைக்காது. தயாரிப்பிலேயே குறை என்று நிரூபிப்பது பெரிய மலை. ஆணையம் நிபுணர் அறிக்கை கேட்கும். 'சொன்ன குறையைப் பார்க்கவில்லை' என்ற சேவைக் குறைபாடு சின்னக் குன்று, ஏறிவிடலாம். எதுவானாலும் கழற்றிய கிளட்ச் உங்களிடம் இருக்க வேண்டும். அதற்குத்தான் சாக்கு. பெட்டியை இறக்கும் நாளில் படமும் வீடியோவும் எடுங்கள். கழற்றப்போகிறோம், ஆள் அனுப்புங்கள் என்று கம்பெனிக்கு முன்கூட்டியே ஒரு ஈமெயிலும் போடுங்கள். இந்தக் கட்டத்தில் உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பார்த்துவிடுவது நல்லது.

இன்ஷூரன்ஸும் விற்பனையும்

இன்ஷூரன்ஸில் வராது. விபத்து, வெள்ளம், திருட்டுக்குத்தான் அது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் பாலிசியிலேயே விலக்கு. கியர்பாக்ஸ் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருந்தாலும் தண்ணீர் புகுந்தது, அடியில் கல் இடித்து ஆயில் ஒழுகியது போன்றவற்றுக்குத்தான் பெரும்பாலும் பொருந்தும். வண்டியைத் தூக்கும்போது அடியில் அடிபட்ட தழும்பு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கதவை மூடிவிடலாம்.

விற்பது பற்றி: 'எரர் கோடை ரீசெட் பண்ணிட்டுக் காலையில வண்டி குளிர்ந்திருக்கும்போது காட்டித் தள்ளிவிடலாம்' என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அப்படித் தள்ளிவிட்ட வண்டிகள் கடைசியில் என் பட்டறைக்குத்தான் வருகின்றன, வாங்கியவர் கண்ணீரோடு. தெரிந்தே மறைத்து விற்றால் அவர் உங்கள் மேல் கேஸ் போடலாம். குறையைச் சொல்லி விற்றால் எஸ்டிமேட் தொகையை அப்படியே கழித்துத்தான் விலை கேட்பார்கள். பாதிச் செலவில் சரி செய்து நீங்களே ஓட்டுவதுதான் கணக்குக்குச் சரி.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. போன வருஷ ஏப்ரல் சர்வீஸின் ஜாப் கார்டை, அதாவது உங்கள் புகாரை எழுதிக் கொடுத்த தாளைத் தேடுங்கள். பீரோவில் கிடைக்கவில்லை என்றால் காரில் கையேடு வைத்திருக்கிற கருப்புப் பையில் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் அதற்குள்தான் மடித்துச் செருகியிருப்பார்கள். அங்கேயும் இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் முழு சர்வீஸ் வரலாற்றையும் பிரிண்ட் கேளுங்கள். புகாரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதற்கு முன்னால் கேளுங்கள்.